சென்னை சிட்டி: ஒரு சாம்பியன் அணியின் கதை

கால்பந்து என்று சொன்னால் போதும், நம் கல்லூரி நண்பர்கள் மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே என்று மூச்சு விடாமல் பேசுவார்கள். அதிலும் காரைக்காலில் பிரான்ஸ் அணிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அது சரித்திரம் நமக்குக் கொடுத்த பழக்கம். 2018 உலகக் கோப்பையை பிரான்ஸ் ஜெயித்த ராத்திரி, கடைத்தெருவில் ஒரு சொல்தா வீட்டுத் தாத்தா நின்றவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது, மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் பத்துப் பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஐ-லீக் பட்டத்தை ஜெயித்த தமிழ்நாட்டு அணி எது?" ஏழு பேர் சென்னையின் எஃப்.சி. என்றார்கள். இரண்டு பேர் சென்னை சூப்பர் கிங்ஸ் என்றார்கள் (இவர்களை என்ன செய்வது?). ஒருத்தன் மட்டும் "தெரியலைடா மச்சான், நீயே சொல்லு" என்றான். பத்துப் பேரில் உண்மை சொன்னவன் அவன்தான்.

விடை: சென்னை சிட்டி எஃப்.சி. ஆண்டு 2018-19. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இன்று அந்த அணியின் பெயர் லீக் பட்டியலில் இல்லை. சாம்பியன் ஆன அணி இரண்டரை வருஷத்துக்குள் எப்படிக் காணாமல் போகும்? அதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் ஊர்களில் பழைய காலத்தில் பெரிய கால்பந்து என்றால் அது ஆபீஸ் கால்பந்துதான். பேங்க், ரயில்வே, கஸ்டம்ஸ், போலீஸ் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அணி இருக்கும். நன்றாக ஆடுகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். காலையில் பிராக்டீஸ், பிறகு ஆபீஸ், மாதம் பிறந்தால் சம்பளம். 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கிய பிறகு அதில் தமிழ்நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது இந்தியன் பேங்க் அணிதான். சபீர் பாஷா போன்றவர்கள் அதில் ஆடியவர்கள். கால் தேய்ந்த பிறகும் அவர்களுக்கு உத்தியோகம் இருந்தது. பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

தொழில்முறை கிளப் அப்படியில்லை. அங்கே பந்து ஆடுவதே உத்தியோகம். சம்பளம், ஒப்பந்தம், பயிற்சியாளர், டாக்டர் எல்லாவற்றையும் கிளப்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2007-08-ல் தேசிய லீக் மாறி ஐ-லீக் என்று ஆனபோது நாடு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. சென்னையின் எஃப்.சி. அந்த வருஷம் பிறந்த அணி. 2015-லும் 2017-18-லும் சூப்பர் லீக் பட்டத்தை வாங்கியது. ஆகவே என் நண்பர்கள் ஏழு பேர் சொன்னதும் முழுத் தப்பு இல்லை. லீக்தான் வேறே. ஒரே நாட்டில் இரண்டு பெரிய லீக்குகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இந்தக் கதையில் வரும் சிக்கலுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சென்னை சிட்டி புது அணி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேர் 1946-ல். நுங்கம்பாக்கம் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னை லீகில் ஆடி வந்த பேட்டை அணி அது. அதுதான் பின்னால் பெயர் மாறி, 2016-17-ல் ஐ-லீகில் இடம் பெற்றது. கூடவே உள்ளே வந்த இன்னோர் அணி பஞ்சாபைச் சேர்ந்த மினர்வா. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

முதல் வருஷம் பத்து அணிகளில் எட்டாவது இடம். இரண்டாவது வருஷமும் எட்டாவது இடம். நம் பாஷையில் சொன்னால் இரண்டு வருஷமும் ஜஸ்ட் பாஸ். முதல் வருஷம் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடினார்கள். அதுவோ சென்னையின் எஃப்.சி.க்குச் சொந்த மைதானம். அடுத்த வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் நேரு ஸ்டேடியம்தான்! பெயரில் சென்னை, ஊர் கோவை. இப்படித்தான் ஒரு வாடகை வீட்டுக் குடும்பம் போல அணி நடந்தது. 2018 பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 7-1 என்று தோற்றார்கள். கொல்கத்தாவின் நூறு வயது ஜாம்பவான் ஏழு கோல் போட்டு அனுப்பினால் எந்தச் சின்ன அணியும் மனசு விட்டுப் போகும்.

ஆனால் அந்த இரண்டாவது வருஷத்தில் ஓர் ஆள் வெளிச்சத்துக்கு வந்தார். மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரயுமன்துறை என்ற மீனவ ஊர். நம் மாதிரியே கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள ஊர். அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் இதே கிளப்பில் ஆடினார். எங்கள் குப்பத்துப் பையன்களுக்கு மெஸ்ஸியைவிட சூசைராஜ் பெரிய ஆள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வலை இழுத்த கை, மணலில் ஓடிய கால், அந்த ஆள் டி.வி.யில் வருகிறார்! சூசைராஜ் அந்த சீசன் முடிந்ததும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். பிறகு கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போய் 2019-20 சூப்பர் லீக் பட்டம் வாங்கினார். 2019 ஜூனில் இந்திய அணிச் சட்டையும் போட்டார். சின்ன கிளப் எதற்கு இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வழியைக் காட்டினால் போதும்.

2018-19 சீசனுக்கு சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பணம் கொட்டிப் பெரிய பெயர்களை வாங்கும் சக்தி கிளப்புக்கு இல்லை. அதனால் ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களாகப் பார்த்துக் கூட்டி வந்தார்கள். பெட்ரோ மன்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா, கோல் கீப்பர் நௌசெட் சாந்தானா. நம் ஊரில் யாரும் கேள்விப்படாத பெயர்கள். மன்சி உருகுவேயில் பிறந்தவர். அந்த சீசனில் மட்டும் 21 கோல் போட்டார். கோவா சர்ச்சில் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. இரண்டு பேரும் அந்த வருஷத்தின் முதல் கோல்காரர்கள்.

வெளிநாட்டுக்காரர் ஐந்து பேர் என்றால் மிச்ச இடமெல்லாம் நம் ஆட்கள்தானே. நெய்வேலிக்காரரான எட்வின் சிட்னி வன்ஸ்பால், அஜித்குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள் பலர். இதில் நான் பார்த்து ரசித்த விஷயம் ஆட்டத்தின் முறை. நாங்கள் கடற்கரையில் ஆடும்போது பந்து கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்போம். முன்னால் இருப்பவன் ஓடி எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னை சிட்டி பையன்கள் தூக்கி அடிக்கவில்லை. கோல் கீப்பர் தொடங்கி தரையோடு தரையாகப் பந்தைக் கொடுத்து வாங்கி, எதிராளி அலுத்துப்போய் இடம் விட்டவுடன் உள்ளே போனார்கள். கியர் டிரெயின் வகுப்பில் ஒரு பல் இன்னொரு பல்லைத் தள்ளுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அணிதான் ஞாபகம் வரும். (வாத்தியார் படித்தால் மன்னிக்கவும்.)

முந்தைய வருஷம் ஏழு கோல் போட்ட அதே ஈஸ்ட் பெங்காலை அந்த சீசனில் இரண்டு முறையும் தோற்கடித்தார்கள்.

லீகில் நாக் அவுட் கிடையாது. 11 அணிகள். ஒவ்வொருத்தரும் மற்ற 10 பேருடன் சொந்த ஊரில் ஒரு தடவை, அவர் ஊரில் ஒரு தடவை ஆட வேண்டும். ஆக 20 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா ஆனால் 1, தோற்றால் சைபர். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் பட்டம் கிடைக்காது. செமஸ்டர் முழுக்க இன்டர்னல் மார்க் சேர்ப்பது மாதிரி ஐந்து மாதம் சேர்க்க வேண்டும். 19 ஆட்டம் முடிந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. இரண்டு அணிக்கும் கடைசி ஆட்டம் ஒரே நேரத்தில். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிராக முந்தைய வருஷத்துச் சாம்பியன் மினர்வா. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக கோகுலம் கேரளா. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இரண்டு செல்போனை அரிசி டின் மேல் சாத்தி வைத்து, ஒன்றில் கோவை, ஒன்றில் கோழிக்கோடு என்று போட்டார். சுற்றிப் பதினைந்து தலை. மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. "போச்சுடா, இவனுங்க நம்ம ஆளுங்கதான், கடைசியில கவுத்துடுவானுங்க" என்று அண்ணன் எழுந்து போனார். இரண்டாவது பாதியில் பெனால்டி, மன்சி போட்டார், 1-1. அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இங்கே ஒரு கணக்கு. ஆட்டம் 1-1 என்று முடிந்தால் சென்னைக்கு 41 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 42. பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். கோழிக்கோட்டில் முதலில் கோகுலம்தான் கோல் போட்டது, நாங்கள் குதித்தோம். கடைசிக் கட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. ஆக சென்னைக்கு ஜெயிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஆனது. அதைச் செய்தவர் மன்சி இல்லை. அஸ்ஸாமிலிருந்து வந்த கௌரவ் போரா. இவர் தடுப்பாட்டக்காரர், கோல் போடுவது இவர் வேலையே கிடையாது. 69-வது நிமிஷம் ஒன்று, ஆட்டம் முடியும் நேரத்தில் இன்னொன்று. 3-1. மொத்தம் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டு அணி ஒன்று முதல் முறையாக தேசிய லீக் பட்டத்தை எடுத்தது. அரிசி டின் கவிழ்ந்து ஒரு போனின் கண்ணாடி உடைந்தது தனிக் கதை.

அடுத்த மாதம் சூப்பர் கப்பில் பெங்களூரு அணியைத் தோற்கடித்து அரையிறுதி வரை போனார்கள். அதே 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. பாசல் சாதாரணக் கிளப் இல்லை. 1893-ல் தொடங்கியது. முகமது சாலா, ராக்கிட்டிச், ஷாகிரி எல்லாரும் பெரிய கிளப்புகளுக்குப் போகும் முன் அங்கே ஆடியவர்கள். சின்ன வயசில் ஆளைக் கண்டுபிடித்து, வளர்த்து, பெரிய கிளப்புக்கு விற்று, அந்தப் பணத்தில் அடுத்த ஆளை வளர்ப்பது அவர்கள் தொழில். 26 என்ற எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. நம் கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவன் வேண்டாம் என்றால் அது நடக்காது. காமர்ஸ் படிக்கும் சிநேகிதன் சொல்லிக் கொடுத்தது. பாசலே வந்துவிட்டது, இனி என்ன குறை என்று நாங்கள் நினைத்தோம்.

குறை மூன்று பக்கத்திலிருந்து வந்தது.

முதலாவது, ஆட்கள். ஜெயித்த அணியின் ஆட்களுக்கு எப்போதும் கிராக்கி. வன்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும், கோர்டில்லோ ஹைதராபாத்துக்கும், போரா ஒடிஷாவுக்கும் போனார்கள். மன்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கிளப்புக்குப் போய்விட்டார். யாரையும் குறை சொல்ல முடியாது. நல்ல சம்பளம் வந்தால் நாமும்தான் போவோம்.

இரண்டாவது, ஏணி. சாதாரணமாக உலகம் முழுக்க கீழ் லீகில் முதலிடம் வந்தால் மேல் லீகுக்கு ஏறலாம், மேலே கடைசி வந்தால் இறங்க வேண்டும். ஆனால் சென்னை சிட்டி பட்டம் வாங்கிய அதே 2019-ல்தான் சூப்பர் லீக்கே நாட்டின் முதல் லீக் என்று முடிவானது. ஐ-லீக் இரண்டாவது ஆனது. அதாவது முதலாவது மாடியில் நின்றவனிடம், நீ நிற்பது தரைத்தளம் என்று சொல்லிவிட்டார்கள். மேலே ஏறவும் படி இல்லை. ஐ-லீக் சாம்பியன் சூப்பர் லீகுக்கு ஏறும் முறை 2022-23 பட்டத்திலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அப்படி முதலில் ஏறிய அணி எது தெரியுமா? பஞ்சாப் எஃப்.சி. உரிமையாளரும் பெயரும் மாறிய நம் பழைய மினர்வா! கோவையில் 3-1 என்று தோற்றுப் போன அதே அணி. அவர்கள் காத்திருந்து ஏறிவிட்டார்கள். ஜெயித்தவர்களால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை.

மூன்றாவது, மைதானம். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியுடன் சென்னை சிட்டிக்கு 'சொந்த ஊர்' ஆட்டம். நடந்தது அகமதாபாத்தில். 0-1 என்று தோற்றார்கள். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியுடன் 2-2 டிரா, அதுவும் அகமதாபாத்தில். ஆசியாவில் ஆடும் பாக்கியம் கிடைத்தும் கோவைக்காரன் ஒருத்தன் நடந்து போய்ப் பார்க்க முடியவில்லை. இங்கிருந்து எர்ணாகுளம் வண்டி ஏறினால் ராத்திரிக்கு ராத்திரி கோவை போய்விடலாம் என்று நானும் என் மாமா பையனும் போட்ட திட்டமும் அதோடு சரி. அந்த வாரமே கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. ஏ.எஃப்.சி. கோப்பையே ரத்தானது. 2020-21 ஐ-லீக் முழுவதும் கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் ஆள் இல்லாத மைதானத்தில் நடந்தது. சென்னை சிட்டி கீழ்ப்பாதி அணிகளில் ஒன்றாக முடித்தது. 2021-22 பட்டியலில் பெயரே இல்லை.

பட்டியலில் பெயர் வருவதற்கு உரிமம் வேண்டும். நம் கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் எப்படியோ அப்படி. லேப் இருக்கா, ஆசிரியர் இருக்காரா, கட்டடம் உறுதியா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் ஐந்து விஷயம் பார்க்கும். இளைஞர் அணிகள் இருக்கிறதா, மைதானமும் பயிற்சி இடமும் இருக்கிறதா, தகுதியான பயிற்சியாளரும் அலுவலரும் உண்டா, சட்டக் காகிதங்கள் சரியா, கணக்கு வழக்கு சரியா, யாருக்கும் சம்பளப் பாக்கி உண்டா. இதில் ஒன்றிலும் "போன வருஷம் எத்தனை கோல் போட்டாய்?" என்ற கேள்வி கிடையாது. கோப்பை அலமாரியில் இருக்கலாம். உரிமத்துக்கு அது மார்க் இல்லை.

செலவோ ஓயாத செலவு. 20 ஆட்டத்தில் 10 வெளியூர். காஷ்மீர் வரை, மிசோரம் வரை விமானத்தில் போக வேண்டும். முப்பது பேருக்குச் சம்பளம், சாப்பாடு, தங்கும் இடம். வரவு என்று பார்த்தால் டிக்கெட், சட்டையில் பெயர் போடும் விளம்பரதாரர், டி.வி. உரிமையில் பங்கு, ஆளை விற்றால் வரும் பணம். இரண்டாவது லீக் என்று ஆனவுடன் விளம்பரதாரர் யோசிப்பார். ஆள் வராத மைதானத்தில் டிக்கெட் ஏது? என் கணிப்பில், ஒரு முதலாளியின் கையை மட்டும் நம்பிய வீடு இது. நுங்கம்பாக்கத்தில் 1946-ல் தொடங்கிய பேட்டைக் கிளப்புக்கு ஒரு தெரு சொந்தமாக இருந்தது. சென்னை என்ற பெயரில் கோவையில் ஆடி, அகமதாபாத்தில் ஆசியாவைச் சந்தித்த அணிக்கு அப்படி ஒரு தெரு இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

காரைக்கால்காரனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சந்தோஷ் டிராபியில் நாம் புதுச்சேரி, அவர்கள் தமிழ்நாடு. மாநில அணியில் கோடு உண்டு. கிளப்பில் அந்தக் கோடு கிடையாது. அஸ்ஸாம்காரன் கோவையில் கோல் போட்டான் அல்லவா? வாஞ்சூர் எல்லையைத் தாண்டி ஒரு காரைக்கால் பையன் போயிருக்க முடியாதா? நான் பத்தாவது முடித்தபோது எங்கள் அணியின் மூத்த அண்ணன், "டேய் தம்பி, நீ நல்லா ஓடுற, எங்கயாவது டிரயல்ஸ் போடா" என்றார். எங்கே போவது? சூசைராஜ் போன அந்தக் கதவு அப்போது மூடியாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஸ்கூலைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். "பந்து சோறு போடாது, டிப்ளமோ போடும்" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டது. அம்மா சொன்னதில் தப்பும் இல்லை.

எங்கள் ஊர் அணி மட்டும் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் இருக்கும், ஆட்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். அப்போதுதான் எங்கள் பக்கத்துக் குப்பங்களுக்குள் போட்டி. இதுவரை வசூல் செய்தவர் கையில் பணம், கேட்டால் வாய்க்கணக்கு. இரண்டு தடவை அணி உடைந்ததும் அதனால்தான். சென்னை சிட்டி கதையைப் படித்த பிறகு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரவு, செலவு, பாக்கி என்று மூன்று கட்டம் போட்டேன். அண்ணன்கள் முதலில் சிரித்தார்கள். "பெரிய பாசல் கிளப்பு இவரு" என்றார்கள். இப்போது அவர்களே வந்து, "தம்பி, நான் கொடுத்ததை எழுதிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். போன ஞாயிறு வரை வரவு 3,150 ரூபாய். ஒரு பந்தும் கோல் கீப்பர் கையுறையும் வாங்கியது போக 900 ரூபாய் கையிருப்பு. பாக்கிக் கட்டத்தில் நாலு பெயர் இருக்கிறது. அதில் ஒன்று என் பெயர். ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிவிடுவேன்.